பைப்பு உடைந்தால் முதலில் மொட்டை மாடிக்கு: வீட்டுத் தண்ணீர்க் குழாய் வெடிப்புக்கு முழுமையான வழிகாட்டி

பைப்பு உடைந்த வீட்டில் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். உடைந்த இடத்தைக் கையால் பொத்துவார்கள். ஒருவர் துண்டைத் திணிப்பார், இன்னொருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார், மூன்றாவது ஆள் பிளம்பருக்குப் போன் போடுவார். பிளம்பரும் "அரை மணி நேரத்துல வந்துடறேன் சார்" என்பார். அதுவரை மேலே இருக்கிற தொட்டி தன் பாட்டுக்குக் காலியாகிக்கொண்டே இருக்கும்.

எங்கள் குடியிருப்பில் 12 வீடுகள். பராமரிப்பு வேலை சில வருடங்களாக என் தலையில். உடைப்பு எங்கே நடந்தாலும் அதை நிறுத்துகிற இடம் அதுவல்ல என்பது பலருக்கும் பதற்றத்தில் தோன்றுவதில்லை.

இங்கே சொல்வது மொட்டை மாடியில் தொட்டி வைத்து, அதிலிருந்து இறங்குகிற தண்ணீரைப் பயன்படுத்துகிற வீடுகளுக்கு. தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகள் அப்படித்தான். இந்த வீடுகளில் தெருக் குழாய் இணைப்பை மூடுவதால் ஒரு சொட்டும் நிற்காது. தலைக்கு மேலே 1000 லிட்டர் காத்திருக்கிறது. ஒரு வாளி ஒரு நிமிடத்தில் நிறைகிற வேகத்தில் கொட்டினால், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆவதற்குள் அந்த 1000 லிட்டரும் வீட்டுக்குள் வந்துவிடும்.

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்கூட்டியே செய்ய வேண்டியவை

மாடிக்குப் போய்த் தொட்டியைச் சுற்றிப் பாருங்கள். மேல்பக்கமாக உள்ளே போகிற பைப்பு மோட்டார் லைன். அடியிலிருந்து கிளம்புகிற இரண்டு மூன்று பைப்புகள்தான் நமக்கு முக்கியம். ஒன்று குளியலறைகளுக்குப் போகலாம், ஒன்று சமையலறைக்கு, ஒன்று தொட்டி கழுவும்போது திறந்துவிடுகிற வடிகாலாக இருக்கலாம். கீழே ஒருவரை நிறுத்திவிட்டு வால்வுகளை ஒவ்வொன்றாக மூடுங்கள். எந்த வால்வுக்கு எந்தக் குழாய் நிற்கிறது என்று கேட்டு, பக்கத்துச் சுவரில் பெயின்ட்டால் எழுதுங்கள். மார்க்கர் பேனாவால் எழுதினால் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே மங்கிப்போகும்.

வால்வு இரண்டு வகை. நீளக் கைப்பிடி இருந்தால் பால் வால்வு: கைப்பிடி பைப்போடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. வட்டச் சக்கரம் இருந்தால் கேட் வால்வு: வலப்பக்கமாகப் பல சுற்று சுற்றினால்தான் மூடும். இரண்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்து வையுங்கள். வருடக்கணக்கில் தொடாமல் கிடந்தால் உப்புப் படிந்து இறுகிவிடும். போர் தண்ணீர் வீடுகளில் இது இன்னும் மோசம்.

மாடிச் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். இது ஒரு விஷயமா என்று தோன்றும். எங்கள் கட்டடத்தில் ஒரு பொங்கல் சமயம் மூன்றாவது மாடியில் பைப்பு உடைந்தது. சாவி வைத்திருந்தவர் ஊருக்குப் போயிருந்தார். கடைசியில் பூட்டை உடைத்துத்தான் மேலே போனோம். அதற்குள் இரண்டு வீட்டின் மெத்தை, ஒரு பீரோவின் அடிப்பலகை எல்லாம் போயிற்று. இப்போது ஒவ்வொரு தளத்திலும் ஒரு சாவி தொங்குகிறது.

ஒரு பழைய டப்பாவில் இவற்றைப் போட்டு வையுங்கள்: ஹேக்ஸா பிளேடு, அரை இஞ்ச் திருகு டம்மி (குழாய் இருந்த வாயைத் திருகி மூடுகிற அடைப்பான்) இரண்டு, உங்கள் வீட்டுப் பைப்பு அளவுக்கு எண்ட் கேப் (பைப்பு முனையை மூடுகிற மூடி) இரண்டு, கப்ளர் (இரண்டு பைப்பை இணைக்கிற துண்டு) இரண்டு, சின்ன டப்பா சொல்யூஷன் (பைப்பு ஒட்டுகிற பசை), டெஃப்லான் டேப், பழைய சைக்கிள் ட்யூப், ஹோஸ் கிளாம்ப் இரண்டு, டார்ச். சொல்யூஷன் டப்பாவை வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். களி மாதிரி கெட்டியாகியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அது ஒட்டின மாதிரிதான் இருக்கும், தண்ணீர் வந்ததும் கழன்றுவிடும்.

2. தண்ணீர் போகிற பக்கம் கரண்ட் இருக்கிறதா?

உடைப்பைப் பார்த்ததும் ஐந்து விநாடி நின்று தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். சுவிட்ச் போர்டு, தரையில் கிடக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பக்கம் போகிறதென்றால் மற்ற எதற்கும் முன்னால் மெயினை அணைக்க வேண்டும். மெயின் போர்டுக்குப் போகிற வழி காய்ந்திருந்தால், கை காய்ந்திருந்தால், காலில் ரப்பர் செருப்போடு போய் அணையுங்கள்.

மெயின் போர்டே நனைந்திருந்தால் அல்லது அதன் கீழே தண்ணீர் தேங்கியிருந்தால் பக்கத்தில் போகாதீர்கள். எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் போன் செய்யுங்கள்.

மெயினை அணைத்தவர்களில் பலர் மறப்பது இன்வெர்ட்டர். மெயின் போனதும் அது தானாக வேலையை ஆரம்பித்து, நனைந்த அறையின் லைட், ஃபேன் லைனுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். அதையும் அணைக்க வேண்டும். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற சுவிட்ச்) தானாக விழுந்திருந்தால் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்காதீர்கள். எங்கேயோ கசிவு இருப்பதால்தான் அது விழுந்திருக்கிறது.

தண்ணீர் கரண்ட் பக்கமே போகவில்லையா? சரி, நேரே அடுத்த வேலை.

3. மோட்டார், அப்புறம் வால்வு

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அணையுங்கள். ஓடாவிட்டாலும் அதன் எம்சிபியை (மின் போர்டில் மோட்டாருக்கு இருக்கிற பிரேக்கர் சுவிட்சை) இறக்கி வையுங்கள். காரணம், ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர். தொட்டியில் மட்டம் குறைந்ததும் அது தானாக மோட்டாரைப் போட்டுவிடும். கீழே உடைப்பில் கொட்டக் கொட்ட, மேலே அது நிரப்பிக்கொண்டே இருக்கும். ஒரு வீட்டில் சம்ப்பும் காலியாகி, தண்ணீர் இல்லாமல் மோட்டார் வறண்டு ஓடிக் கருகிய வாடை வந்த பிறகுதான் கவனித்தார்கள். பிரஷர் பம்ப் வைத்திருந்தால் அதற்கும் இதே கதை. பைப்பில் அழுத்தம் இறங்கினால் உடனே ஓட ஆரம்பிப்பதுதான் அதன் வேலை.

மோட்டாரை அணைத்ததும் கொட்டுவது ஒரு நிமிடத்தில் தானாக நின்றுவிட்டால் உடைந்தது மோட்டார் லைன். தொட்டி வால்வைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. தொட்டியில் இருக்கிற தண்ணீரை வைத்துப் பிழைப்பை ஓட்டலாம்.

நிற்கவில்லை என்றால் மாடிக்கு ஓடுங்கள். எந்த வால்வு என்று யோசிக்காமல் எல்லா வால்வையும் மூடுங்கள். எது எது என்று பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வாஷ் பேசின், சிங்க், கழிப்பறை, கீசர் இவற்றுக்கு அடியில் இருக்கிற வளைகிற கனெக்‌ஷன் பைப்போ ஹெல்த் ஃபாசெட்டின் ஹோஸோ பிய்ந்திருந்தால், அது சுவரைச் சந்திக்கிற இடத்தில் ஒரு ஆங்கிள் காக் இருக்கும். அதைத் திருகி மூடினால் போதும், வேலை முடிந்தது. வீட்டுக்குள் வெடிப்பு என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் கணிசமானோருக்கு இதுதான் பிரச்சினையாக இருந்திருக்கிறது. பைப்பில் ஒரு கோளாறும் இருக்காது.

வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மாடிக்கும் ஒருவர் மோட்டாருக்கும் போங்கள். உடைப்புக்குப் பக்கத்தில் யாரும் நிற்கத் தேவையில்லை.

4. வால்வு சுற்றவில்லை என்றால்

கேட் வால்வு இறுகியிருந்தால் பைப் ரெஞ்சைப் போட்டு முழு பலத்தோடு திருகத்தான் எல்லோருக்கும் தோன்றும். அப்படித் திருகினால் உள்ளே இருக்கிற தண்டு முறிந்து, சக்கரம் மட்டும் கையோடு வந்துவிடும். கதவு உள்ளே திறந்தபடியே நிற்கும். தொட்டியோடு சேர்ந்திருக்கிற பைப்பு முறிந்தால் இன்னும் மோசம், அதற்கு மேலே மூட இடமே கிடையாது. ஒரு கையால் வால்வின் உடம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி அசைத்துப் பாருங்கள். பத்து தடவையில் இளகினால் இளகும், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அடுத்த வழி, தொட்டிக்குள்ளிருந்து வாயை அடைப்பது. ஒரு பழைய துணியைப் பந்தாகச் சுருட்டி, பாலித்தீன் பையில் போட்டு, வாயை ஒரு நீளக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பந்து ஓட்டையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், கயிற்றின் மறுமுனை தொட்டிக்கு வெளியே இருக்க வேண்டும். தொட்டிக்குள் கையை விட்டு அந்தப் பந்தை வெளியேறுகிற ஓட்டையின் மேல் வைத்தால் தண்ணீரே அதை இழுத்து இறுக்கிக்கொள்ளும். சின்னப் பந்தைப் போட்டால் பைப்புக்குள் போய்ச் சிக்கிவிடும். அதை எடுக்க வீட்டுப் பைப்பையே அறுக்க வேண்டி வரும்.

தொட்டிக்குள் இறங்காதீர்கள், குழந்தைகளை இறக்காதீர்கள். சட்டைப் பையில் இருக்கிற போனை முதலில் கீழே வையுங்கள். நான் ஒன்றை உள்ளே போட்டிருக்கிறேன்.

கை எட்டவில்லை என்றால், வீட்டில் இருக்கிற அத்தனை குழாய்களையும் திறந்துவிடுங்கள். தண்ணீர் வீணாகத்தான் போகும். ஆனால் அது வடிகாலில் போகும், ஹாலில் போகாது. தொட்டியின் வடிகால் வால்வு நன்றாக இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். மனம் கேட்காதுதான். மெத்தையும் மரச் சாமானும் போவதற்கு இது எவ்வளவோ தேவலை.

5. மூடிய பிறகும் ஏன் கொட்டுகிறது?

வால்வை மூடிவிட்டுக் கீழே வந்தால் இன்னும் கொட்டிக்கொண்டிருக்கும். இங்கேதான் புதிதாகச் செய்கிறவர்கள் வால்வு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி மறுபடி மாடிக்கு ஓடுகிறார்கள். "அண்ணா, மூடிட்டேன், ஆனா நிக்கவே மாட்டேங்குது" என்று எதிர்வீட்டுத் தம்பி என்னைக் கூப்பிட்டு வந்தது இதற்குத்தான். மாடியிலிருந்து இறங்கி வருகிற பைப்பு முழுக்க நிற்கிற தண்ணீர் காலியாக வேண்டும், அவ்வளவுதான்.

அதைச் சீக்கிரம் காலி செய்ய, உடைப்பைவிடத் தாழ்வான இடத்தில் இருக்கிற குழாயைத் திறந்து வாளி பிடியுங்கள். மேல்தளத்துக் குழாய் ஒன்றையும் திறந்து வைத்தால் காற்று உள்ளே புகுந்து தண்ணீர் வேகமாக இறங்கும். பிடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். இன்று இரவு கழிப்பறைக்கு அதுதான்.

இந்த நேரத்தில் கீசர் சுவிட்சை அணைத்து வையுங்கள். லைன் காலியாகும்போது சில கீசர்களில் தண்ணீர் பின்னால் இறங்கிவிடும். காய்ந்த கீசர் சூடானால் உள்ளே இருக்கிற எலிமென்ட் கருகும்.

6. உடைந்தது எது என்று கண்டுபிடிப்பது

கண்ணுக்குத் தெரிகிற உடைப்பு என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். சுவரிலோ கூரையிலோ ஈரம் மட்டும் தெரிந்தால் எப்போது வருகிறது என்று கவனியுங்கள்.

மோட்டார் ஓடும்போது மட்டும் வந்தால் மோட்டார் லைன். இரவும் பகலும் வந்தால் தொட்டியிலிருந்து இறங்குகிற லைன். மேல்வீட்டில் குளிக்கும்போது மட்டும் வந்தால் அது கழிவுநீர்ப் பைப்பு. அதற்கு எந்த வால்வை மூடியும் பயனில்லை, மேல்வீட்டுக்காரர்கள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் வழி. கீசர் போட்டுச் சுடுதண்ணீர் திறந்தால் மட்டும் வந்தால், கீசரிலிருந்து கிளம்புகிற லைனைச் சந்தேகிக்கலாம்.

இன்னும் குழப்பமாக இருந்தால் இரவு படுக்கும்போது தொட்டியில் மட்டம் எங்கே இருக்கிறது என்று ஒரு குச்சியை விட்டு அளந்து வையுங்கள். மோட்டாரைப் போடாமல், தண்ணீரைப் புழங்காமல், காலையில் மறுபடி அளந்து பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. அடுத்த இரவு ஒரு குளியலறையின் வால்வை மட்டும் மூடி இதையே செய்யுங்கள். மட்டம் இறங்கவில்லை என்றால் குற்றவாளி அந்தக் குளியலறைக்குள்தான் இருக்கிறது.

ஈரம் தெரிகிற இடத்தில்தான் உடைப்பு என்று நினைத்து டைல்ஸை உடைக்க ஆரம்பித்துவிடாதீர்கள். தண்ணீர் பைப்பின் மேலேயே ஊர்ந்து போய், கான்கிரீட்டில் பள்ளம் கிடைத்த இடத்தில் தலை காட்டும்.

எந்தப் பகுதி என்று தெரிந்ததும் அதன் வால்வை மட்டும் மூடிவிட்டு மற்றதைத் திறந்துவிடுங்கள். ஒரு குளியலறைக்காக வீடு முழுக்க வறண்டு கிடக்க வேண்டாம்.

7. இரவு பத்து மணிக்குக் கடை இருக்காது: தற்காலிகக் கட்டு

முதலில் பாருங்கள், உடைந்தது தண்ணீர் திறக்கிற குழாயா, அதற்கு வருகிற பைப்பா? பிளாஸ்டிக் குழாயை யாரோ இடித்து, அது சுவரோடு முறிந்திருந்தால், உள்ளே தங்கிவிட்ட மரைத் துண்டை எடுக்க வேண்டும். பழைய ஸ்க்ரூ டிரைவரை அதற்குள் இறுக்கமாகத் திணித்து இடப்பக்கம் மெதுவாகத் திருகினால் வந்துவிடும். பிறகு திருகு டம்மியில் டெஃப்லான் டேப்பைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிப் போட்டு மூடுங்கள். டேப்பை வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போது கழன்று சுருண்டுவிடும்.

பைப்பில் கீறல் என்றால் சைக்கிள் ட்யூப். இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். கீறலுக்கு நாலு விரல் தள்ளி ஆரம்பித்து, நன்றாக இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடுமாறு சுற்றுங்கள். அந்தப் பக்கமும் நாலு விரல் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள். மேலே இரண்டு ஹோஸ் கிளாம்ப், அல்லது கட்டுக்கம்பி. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம்தான். இரண்டு மாடி வீட்டில் அதைவிடக் குறைவு. அதனால் இந்தக் கட்டு ஓரிரு நாள் தாங்கும். பிரஷர் பம்ப் இருக்கிற லைனில் இதை நம்பாதீர்கள்.

எம்-சீல் பற்றிக் கேட்பீர்கள். நல்ல பொருள்தான், ஆனால் சொட்டிக்கொண்டிருக்கிற பைப்பின் மேல் அப்பினால் அது பைப்பில் ஒட்டாது, கையில்தான் ஒட்டும். பைப்பைத் துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, இரண்டு கட்டியையும் ஒரே நிறம் வரும்வரை பிசைந்து வைத்து, பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரம் வரை தண்ணீர் விடாமல் இருந்தால் பிடிக்கும். அவசரத்தில் இத்தனையும் நடப்பது கஷ்டம்.

நான் பெரும்பாலும் செய்வது வேறு. உடைந்த கிளைப் பைப்பை உடைப்புக்கு முன்னால் நல்ல இடத்தில் அறுத்து, எண்ட் கேப் ஒட்டி மூடிவிடுவேன். அந்த ஒரு குழாய்க்குத் தண்ணீர் இருக்காது, வீட்டுக்கு இருக்கும். மீதி நாளைக்கு.

8. கடைக்குப் போகும் முன்

"அரை இஞ்ச் பைப்பு ஒரு துண்டு, ரெண்டு கப்ளர் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கி வந்து, பொருந்தாமல் மறுபடி ஓடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோளாறு கடைக்காரரிடம் இல்லை. சுடுதண்ணீருக்குப் போடுகிற சிபிவிசி அரை இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 15.9 மி.மீ. மாடியில் பச்சைத் தண்ணீருக்குப் போடுகிற வெள்ளை யூபிவிசி அரை இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 21.3 மி.மீ. இரண்டும் கடையில் அரை இஞ்ச்தான். ஒன்றின் கப்ளர் இன்னொன்றில் உட்காராது.

எனவே உடைந்த பகுதியை அறுத்து எடுத்த துண்டையே கையில் கொண்டுபோங்கள். பைப்பின் மேல் அச்சிட்டிருக்கிற எழுத்து தெரிகிற துண்டாக இருந்தால் இன்னும் நல்லது. கூடவே போனில் அந்த இடத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு பார்வையில் எது தேவை என்று சொல்லிவிடுவார்.

சொல்யூஷனும் வேறு வேறு. சிபிவிசிக்கு அதற்கென்று கேட்டு வாங்குங்கள். சாதாரண பிவிசி சொல்யூஷனைப் போட்ட சுடுதண்ணீர் இணைப்பு கொஞ்ச நாளில் விட்டுவிடும்.

பழைய இரும்புப் பைப்பு, அதாவது ஜிஐ லைன் என்றால் கடைக்குப் போக வேண்டாம், பிளம்பரைக் கூப்பிடுங்கள். ஒரு இடத்தில் ரெஞ்சைப் போட்டால் துருப்பிடித்த அடுத்த இணைப்பு உடையும். அதைத் திருகினால் அதற்கு அடுத்தது.

9. வெட்டி ஒட்டுவது

கண்ணுக்குத் தெரிகிற கீறல் முடிகிற இடத்தில் வெட்டாதீர்கள். மயிரிழைக் கீறல் இன்னும் கொஞ்சம் தள்ளி ஓடியிருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு இஞ்ச் சேர்த்தே வெட்டுங்கள். வெட்டு நேராக இருக்க வேண்டும். பைப்பைச் சுற்றி ஒரு தாளை ஒட்டி அதன் விளிம்போடு பிளேடை ஓட்டினால் நேராக வரும்.

வெட்டிய விளிம்பில் நிற்கிற பிசிறை உள்ளும் புறமும் சுரண்டுங்கள். வெளி விளிம்பைக் கொஞ்சம் சரிவாகத் தேய்த்து விடுங்கள். பிசிறு நின்றால் கப்ளருக்குள் தள்ளும்போது அது சொல்யூஷனை வழித்துக்கொண்டு போய்விடும். அதன் பிறகு ஒட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

சொல்யூஷன் போடும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை வெறுமனே பொருத்திப் பாருங்கள். கப்ளர் எதுவரை போகிறதோ அங்கே பேனாவால் கோடு போடுங்கள். பைப்பு இரண்டு பக்கமும் சுவருக்குள் போய், வளைக்கவே இடமில்லை என்றால் இரண்டு கப்ளரை வைத்து நடுத்துண்டை நுழைக்க முடியாது. அங்கே ஒரு யூனியன் (திருகிக் கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) போட வேண்டும். இது ஒட்ட ஆரம்பித்த பிறகு தெரியவந்தால், ஒரு பக்கம் ஒட்டிய கப்ளரையும் அறுத்துத்தான் எறிய வேண்டும்.

அடுத்து ஈரம். ஒட்டுகிற இடம் காய்ந்திருக்க வேண்டும். மேலே வால்வு முழுசாகப் பிடிக்காமல் ஒரு சொட்டு வந்துகொண்டே இருந்தால் கீழே இருக்கிற குழாயைத் திறந்து அதை அந்த வழியாகத் திருப்பிவிடுங்கள். திருப்ப வழியில்லை என்றால் தொட்டிக்குள் துணிப்பந்து.

பைப்பின் மேல் சொல்யூஷன் தாராளமாக, கப்ளருக்குள் மெல்லியதாக. உள்ளே நிறையப் பூசினால் வழிந்து போய்ப் பைப்பு வழியை அடைக்கும். உடனே கோடு வரை தள்ளி, கால் சுற்று திருப்பி, முப்பது எண்ணும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் கப்ளர் தானாகக் கொஞ்சம் வெளியே வரும். நான் பார்த்த பிழைகளில் அதிகம் இதுதான். ஒட்டிய பிறகு நேராக இல்லையே என்று திருப்பிச் சரிசெய்வது அதற்கு அடுத்த பிழை.

ஒட்டும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். சொல்யூஷன் தீப்பற்றும், அதன் ஆவி தலைச்சுற்றல் தரும். கரண்ட் இல்லையே என்று மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

காய்கிற நேரம் டப்பாவில் போட்டிருக்கும். நான் எப்படியும் இரண்டு மணி நேரம் விடுவேன், சுடுதண்ணீர் லைன் என்றால் ஒரு இரவு. வீட்டில் எல்லோரும் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். அதற்காக அவசரப்பட்டால் மறுபடி முதலிலிருந்து.

10. தண்ணீரைத் திரும்ப விடுவது

எல்லாக் குழாய்களையும் பாதி திறந்து வைத்துவிட்டு, மாடி வால்வைக் கால் பங்கு மட்டும் திறந்துவிடுங்கள். படாரென்று முழுசாகத் திறந்தால் பைப்புக்குள் இருக்கிற காற்றும் தண்ணீரும் மோதி, புது ஒட்டு முதல் அடியை வாங்கும். குழாய்கள் துப்பித் துப்பி, பிறகு சீராக ஓடும். கீழ்த்தளக் குழாயிலிருந்து ஆரம்பித்து மேலே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போங்கள், காற்று மேலே ஏறி வெளியே போய்விடும். ஷவர், வாஷ் பேசின் குழாய்களின் வாயில் இருக்கிற சல்லடையை முன்னாலேயே கழற்றி வைத்தால் பைப்புத் தூள் அதில் அடைக்காது.

ஒரு குழாயில் மட்டும் தண்ணீரே வரவில்லையா? காற்று அடைத்திருக்கிறது. நன்றாக வருகிற ஒரு குழாய்க்கும் அதற்கும் இடையே ஒரு ஹோஸை இறுக்கமாக மாட்டி இரண்டையும் திறந்தால் தண்ணீர் பின்பக்கமாகப் போய்க் காற்றைத் தள்ளிவிடும். தொட்டி லைனில் நிமிர்ந்து நிற்கிற ஏர் பைப்பு இதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். எதற்கு வீணாக நிற்கிறது என்று அதை மூடிவிட்ட வீடு ஒன்று எங்கள் தெருவில் உண்டு.

ஒட்டைச் சுற்றி ஒரு காய்ந்த செய்தித்தாளைச் சுற்றி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைத் தாள் காட்டிக்கொடுக்கும். அரை மணி கழித்து ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை பாருங்கள். எல்லாம் சரியென்றால் மோட்டார் எம்சிபியை ஏற்றுங்கள். சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் தடையில்லாமல் வருவதைப் பார்த்த பிறகே கீசர்.

11. எப்போது நீங்கள் தொடக் கூடாது

சுவருக்குள், தரைக்குள் உடைந்திருந்தால் அந்த லைனை மூடி வைத்துவிட்டுப் பிளம்பருக்குக் காத்திருங்கள். அவர் வருவதற்குள் எந்த வால்வை மூடினால் நிற்கிறது, எப்போது வருகிறது என்று ஆறாவது பகுதியில் பார்த்ததைச் சொன்னால் உடைக்கிற டைல்ஸின் எண்ணிக்கை குறையும். மாடியில் தொட்டி வாயிலேயே உடைந்திருந்தாலும் அவர் வேலைதான், தொட்டியைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

தெருவில், மீட்டருக்கு வெளியே உடைந்தது உங்கள் வேலையே இல்லை. சென்னையில் என்றால் குடிநீர் வாரியத்தின் 1916, மற்ற ஊர்களில் உள்ளாட்சி அலுவலகம்.

அடுக்குமாடியில் இருந்தால் கீழ்வீட்டுக் கதவை நீங்களே போய்த் தட்டுங்கள். அவர்கள் ஃபேன் வழியாகத் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து மேலே வருவதற்கு முன்னால் நீங்கள் போனால், அந்த அறையின் கரண்டை அவர்கள் அணைத்துவிடலாம், சாமானை நகர்த்திவிடலாம். பேச்சும் வேறு மாதிரி ஆரம்பிக்கும்.

12. அடுத்த இரண்டு நாள்

துடைக்கும் முன் நனைந்த இடத்தையெல்லாம் படம் எடுத்து வையுங்கள். வீட்டுக்குக் காப்பீடு இருந்தாலும், கீழ்வீட்டோடு செலவைப் பேச வேண்டியிருந்தாலும் அது உதவும். மெத்தை, மரச் சாமான்களைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, காற்று போகவிடுங்கள். நனைந்த சுவிட்ச் போர்டு வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். எலக்ட்ரீஷியன் திறந்து பார்க்காமல் அந்த அறைக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள்.

உடைந்த துண்டையும் உடனே எறிந்துவிடாதீர்கள். வெளிறி, சுண்டினால் நொறுங்குகிற மாதிரி இருந்தால் வெயிலில் கிடந்த பைப்பு. மாடியில் அதே வயதுள்ள மீதிப் பைப்பும் அப்படித்தான் இருக்கும், அதற்குப் பெயின்ட் அடிக்கவோ மாற்றவோ வேண்டும். வளைந்து உப்பியிருந்தால் யாரோ சுடுதண்ணீர் லைனில் யூபிவிசி போட்டிருக்கிறார்கள். வட்டமாக ஒரு ஓட்டை இருந்தால் சமீபத்தில் அந்தச் சுவரில் யார் ஆணி அடித்தார்கள் என்று வீட்டில் விசாரியுங்கள்.

அப்புறம், டப்பாவில் எடுத்த எண்ட் கேப்புக்கும் கப்ளருக்கும் பதில் வாங்கி வைத்துவிடுங்கள். மாடிச் சாவியை அதன் ஆணியில் மாட்டியாயிற்றா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.